மூன்று தசம் ஆறு

சோறு குக்கரைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி.
உள்ளே ஒரு காந்தம், எந்நேரமும் ஒரே இளஞ்சூட்டில்.
சஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
யாரும் ஆய்வகக் கதவைத் திறந்து வைத்தால்
இங்கே கோடுகள் கொழுத்துச் சரிந்துபோகும்.
கதவைச் சாத்துங்கோ என்று ஒட்டியிருக்கிறேன், தமிழில்.
ஒலெனாவுக்கு எழுத்து விளங்காது,
கோபம் விளங்கும்.

பகலில் இதற்கு ஊட்டுவது ஊர்ப்பட்ட சாமான்.
ஒலிவ் எண்ணெய் என்று எழுதிய எண்ணெய்:
2.8-இல் மேடு அளவுக்கு மேல் வீங்கினால்
சூரியகாந்தி உள்ளே ஒளிந்திருக்கிறது.
நூறு வீதம் அரபிகா என்று பொன்னெழுத்துப் போட்ட கோப்பித்தூள்:
3.2-க்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முளை,
அது ரொபஸ்டா.
கைக்குப் பூசும் ஜெல்லில் ஒருமுறை 3.3-இல் ஒற்றை ஊசி.
மெதனோல். அன்றைக்கு இரவே
நாற்பது பெட்டி திரும்பிப் போயிற்று.

ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு பம்பரம்.
காந்தம் நிமிர்த்தும், ரேடியோ அலை ஒரு தட்டுத் தட்டும்,
தள்ளாடி எழும்புகிறபோது முனகும்.
பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்து
முனகலின் சுருதி.
மதுசாரம் தனியே வராது:
1.2-இல் மூன்று பல், 3.6-இல் நான்கு பல்.
மூன்றாய்ப் பிரிந்தது சொல்லும், பக்கத்தில் இருவர்.
நான்காய்ப் பிரிந்தது சொல்லும், பக்கத்தில் மூவர்.
அயலை முகத்தில் எழுதிக்கொண்டு திரிகிற சாமான் அது.
எங்கள் வீட்டில் பதினொரு வருடம் இருந்தது.

செந்தூரன் விட்டு இருநூற்றுப் பதினாலு நாள்.
யோர்க்டன் ஆலைக்கு கனோலா ஏற்றிப் போகிறான்,
வந்து பருப்பைத் தாளிக்கிறான், கடுகு வெடிக்கப் பகிடி விடுகிறான்.
சனிக்கிழமை காரில், இருக்கைகளுக்கு நடுவே,
பாதி குடித்த சீனியில்லாக் கோலா.
மூடி இறுக்கமில்லை.
மணந்து பார்த்தேன். கோலாதான் மணத்தது.
வொட்கா மணக்காது என்று
யாரும் எனக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஒரு மில்லி. அதற்கும் குறைவு.
ஒலெனா விளக்கை அணைத்துப் போன பிறகு
குமிழி அடங்கும்வரை குழாயைச் சுண்டினேன்.
மாதிரியின் பெயர் என்ன என்று கணினி கேட்டது.
பெயரில்லாமல் ஓடாது.
செ என்று அடித்தேன். அழித்தேன்.
கோலா.

பதினாறு தரம் கேட்கச் சொன்னேன்.
4.7-இல் தண்ணீர், மலை போல.
3.6-இல் வெறும் வெளி, பனி மூடிய நெடுஞ்சாலை.
நாலு மடங்கு கேட்டால் இரைச்சல் பாதியாகும், அது விதி.
அறுபத்துநாலு.
இருநூற்று ஐம்பத்தாறு.
7.5 பக்கம் ஏதோ ஒரு பரு, பழுதாகாமல் போடுகிற உப்பாக்கும்.
3.6-இல் ஒன்றுமில்லை.

அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
பெட்டிக்குத்தான் காது மங்கிப்போயிற்று என்று நினைத்தேன்.
அலுமாரியிலிருந்து சுத்த மதுசாரம்,
ஒரேயொரு சொட்டு, அவனுடைய கோலாவுக்குள், என் கையால்.
குலுக்கினேன். கோலா இரண்டு என்று பெயரிட்டேன்.
பதினாறு தரமே போதுமாயிருந்தது:
மூன்று பல். நான்கு பல்.
பெட்டிக்குக் காது நல்லாய்த்தான் கேட்கிறது.

போன் வெளிச்சம் போட்டது.
காருக்கு பிளக் குத்தினனீரோ? இஞ்சின் உறைஞ்சிடும்.
சோறு மூடி வைச்சிருக்கு.

குழாயை மூன்று முறை அசிற்றோனில் கழுவினேன்.
கோப்பை அழிக்கப் பார்த்தேன்.
இங்கே எதையும் அழிக்க முடியாது,
தணிக்கைக்காரர் கேட்பார்கள்.
எண்ணெய், கோப்பி, ஜெல் வரிசையின் கடைசியில் நிற்கிறது:
கோலா, மதுசாரம் இல்லை.
கோலா இரண்டு, உண்டு.
பகுப்பாய்வாளர் என்ற கட்டத்தில்
இரண்டுக்கும் என் பெயர்.